கொழுந்துக் கூலியில் வாங்கும் இலை

குறும்படப் போட்டி என்ற பெயரில் இன்று நடப்பவற்றில் பலவற்றைக் கடை என்றே சொல்ல வேண்டும். மாதந்தோறும் ஒரு 'சர்வதேச விழா'. பெயரில் பாரிஸோ நியூயார்க்கோ ஒட்டியிருக்கும். ஏகப்பட்ட பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அரங்கு கிடையாது, நடுவர் பெயர் கிடையாது. பணம் கட்டிய சில வாரங்களில் இரண்டு பக்கமும் இலை வளைந்த ஒரு சின்னம் மின்னஞ்சலில் வரும். கோப்பை வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. கொடுத்த காசுக்குப் பொருள் வருகிறது, வியாபாரம் என்று பார்த்தால் தப்பில்லை. ஆனால் அதற்குப் பரிசு என்று பெயர் வைக்காதீர்கள்.

எனக்கு இதில் கோபம் வருவது நான் பார்க்கும் பிள்ளைகளால். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்து லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்து விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பவர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து டான்டீ தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. போனில் எடுத்து, போனிலேயே எடிட் பண்ணி, ஒரு விழாவுக்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டுகிறார்கள். அம்மா மழையில் நின்று கொழுந்து பறித்த பல நாள் கூலி அது. ஒரு பையன் தன் போஸ்டரைக் காட்டினான். படத்தின் பெயரே தெரியாத அளவுக்கு இலை. "பன்னெண்டு செலக்‌ஷன் சார்." எத்தனை பேர் பார்த்தாங்க தம்பி? "அது தெரியல சார்." கொழுந்து எடைபோடும் இடத்தில் நடக்கும் ஒரு தகராறைப் பற்றிய ஏழு நிமிடப் படம். நன்றாகவே இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

இந்தக் கடைகளை வாழவைப்பதில் கல்லூரிகளுக்கும் பங்குண்டு. நாக் தரமதிப்பீட்டில் மாணவர்கள் வாங்கிய மாநில, தேசிய, சர்வதேசப் பரிசுகளுக்குக் கணக்கு உண்டு. கணக்கு என்று வந்துவிட்டால் சான்றிதழ் போதும், படம் எதற்கு?

இன்னொரு வகை, 'விழிப்புணர்வு வீடியோ' போட்டி. கட்டணம் இல்லை, அதனால் நல்லது என்று நம்புகிறார்கள். விதிமுறையைக் கடைசி வரி வரை படியுங்கள். தோற்ற படம் உட்பட, வந்த எல்லாப் படங்களின் உரிமையும் நடத்துபவருக்கே என்று சிலவற்றில் இருக்கும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். சொந்தப் போனில், சொந்தக் காசில் எடுத்த மாணவன்தான் அந்தத் தயாரிப்பாளர். உரிமையை எழுதிக் கொடுக்கக் கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். அதில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது 19ஆம் பிரிவு. இதை எந்த வகுப்பில் சொல்லித்தருகிறார்கள்?

"அப்போ போட்டிக்கே போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' ஒரு போட்டிதான். நலன் குமரசாமியும் கார்த்திக் சுப்பராஜும் பாலாஜி மோகனும் அதில் வந்தவர்கள். சுற்றுக்குச் சுற்று புதுப்படம் எடுக்க வைத்து, ஊரே பார்க்க அதைக் குறை சொன்னார்கள். கோப்பையைவிட அதுதான் அவர்களுக்கு உதவியிருக்கும். கேரள சலச்சித்ர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. 1990இல் தொடங்கிய மும்பை விழாவில் மாணவர் படத்துக்கென்றே விருது உண்டு. கான் விழாவின் லா சினெஃப், திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கான பிரிவு. 2024இல் அங்கே முதல் பரிசு வாங்கியது புனே மாணவர் சிதானந்த எஸ். நாயக் எடுத்த கன்னடப் படம், நாட்டுப்புறக் கதையிலிருந்து பிறந்தது. உலகம் பார்க்க வேண்டுமென்று அவர் பாரிஸைப் படம் பிடிக்கவில்லை.

இந்த மலைக்கும் சினிமா புதிதில்லை. 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' பிலிமை ஊட்டியில்தான் தயாரித்தது. ஆலை நலிந்து மூடப்பட்டது, இந்து நகர் என்ற பெயர் மிச்சம். பிலிம் இங்கே செய்யப்பட்ட காலத்தில் லைன் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமரா இல்லை. இன்று சட்டைப்பைக்குச் சட்டைப்பை கேமரா, ஆனாலும் எடுப்பது பனிமூட்டமும் மலை ரயிலும். 2023இல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படம் தெப்பக்காடு முகாமில் எடுக்கப்பட்டது. ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கொன்சால்வஸ், பொம்மன், பெள்ளி தம்பதியோடு ஐந்தாண்டு பழகி எடுத்தார். நம் மாணவர்கள் அதில் ஆஸ்கரைப் பார்த்தார்கள். ஐந்தாண்டைப் பார்க்கவில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் நாலு கேள்வி. போன வருஷம் ஜெயித்த படத்தை நான் பார்க்க முடியுமா? நடுவர் யார்? எந்த அரங்கில், எந்தத் தேதியில் திரையிடுவார்கள்? உரிமை யாருக்கு? ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அந்த இரண்டாயிரத்தில் ஒரு புரொஜக்டரை வாடகைக்கு எடுங்கள். லைன் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைப் போடுங்கள். எடைபோடும் இடத்தில் என்ன நடக்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். "கணக்கப்பிள்ளை இப்படியா சாமி பேசுவான்?" என்று ஒரு பாட்டி கேட்டால், வீட்டுக்குப் போய் அந்தக் காட்சியைத் திருத்துங்கள். பிறகு திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம்.