ரோதங் பயணம்: அனுமதிச் சீட்டு மட்டும் போதுமா?

இமாச்சலப் பிரதேசத்தின் ரோதங் கணவாய்க்குச் செல்லும் வெளிமாநிலத்தவர் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. செவ்வாய்க்கிழமைகளில் சாலைப் பராமரிப்புக்காகச் சுற்றுலா வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பிற நாள்களில் 800 பெட்ரோல், 400 டீசல் வாகனங்கள் என்ற வரம்புக்குள் இணையவழியில் முன்அனுமதி பெற வேண்டும்.

2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதைக்கு இந்த வரம்பு இல்லை. குளிர்காலத்தில் கணவாய் மூடப்பட்டதும் அனைவரும் அங்கேயே திரள்கின்றனர். 2024 டிசம்பர் பனிப்பொழிவில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,000 வாகனங்கள் சிக்கிக்கொண்டன.

அனுமதிச் சீட்டு வாகனங்களை எண்ணுகிறதே தவிர, ஓட்டுநரின் மலைப்பழக்கத்தைச் சோதிப்பதில்லை. சமவெளியில் பழகியோர் சிலர் எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி இறக்கத்தில் நியூட்ரலில் இறங்குகின்றனர். அப்போது முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது. சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகலாம். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலையோட்டிகளின் கணக்கு. குறுகிய இடத்தில் ஏறிவரும் வாகனத்துக்கே முன்னுரிமை. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இது நாடு முழுவதற்குமான சாலை விதி. மலைக்கு வந்த பிறகே பலர் இதை அறிகின்றனர்.

குளிர்காலத்தில் சூரியன் மறைந்ததும் ஈரச் சாலை கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமாக உறையும். வெளிச்சம் இருக்கும்போதே மணாலிக்குத் திரும்பிவிடும்படி பயணத்தைத் திட்டமிடுவது நல்லது.