உதகமண்டலத்து ஏரியும் மலைச்சரிவுச் சாகுபடியும்

நீலகிரி ஜில்லாவின் உருளைக்கிழங்குச் சாகுபடியும் உதகமண்டலத்து ஏரியும் ஒரே மனிதருடைய முயற்சியால் உண்டானவை என்பதை இக்காலத்தில் பலர் நினைப்பதில்லை. கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் என்பவர் மலைமீது உருளைக்கிழங்கு முதலிய சீமைப் பயிர்களைக் கொண்டுவந்தார். அவரே 1823 முதல் 1825 வரையுள்ள வருஷங்களில் பள்ளத்தாக்கின் ஓடைநீரைக் கரையிட்டுத் தேக்கி ஏரியையும் அமைத்தார். அதன்பின் இருநூறு வருஷங்கள் கழிந்துவிட்டன. கிழங்குப் பயிர் மலையெங்கும் பரவிற்று, ஏரியோ குறுகிற்று. ஆதியில் நீர் நின்ற பூமியின் ஒரு பாகத்தில் பிற்காலத்தில் குதிரைப் பந்தய மைதானமும் பஸ் நிலையமும் ஏற்பட்டன. இன்று மீந்திருப்பது சுமார் 65 ஏக்கரா.

இந்த ஏரியின் கேட்டிற்கு நகரமே காரணம் என்று மலைக் குடியானவர்கள் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் உண்மையே. கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்தின் கழிவு நெடுங்காலமாக ஏரியில் வந்து விழுந்திருக்கிறது. அதைத் தடுப்பது நகராட்சியின் கடமை. அக்கடமையை உழவர்மேல் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் கழிவுநீர் முழுவதும் நாளைக்கே நின்றுவிட்டாலும் ஏரி பிழைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து மழைதோறும் இறங்கும் வண்டல் நின்றாலன்றி ஏரிக்கு விமோசனம் இல்லை. அந்த வண்டலில் ஒரு பங்கு குடியானவருடைய தோட்டத்து மேல்மண்ணே ஆகும்.

சுமார் 7,300 அடி உயரத்திலுள்ள இத்தகைய ஏரியின் தன்மையைச் சற்று அறிந்துகொள்வது நலம். குளிர்நாடுகளின் ஏரிகள் மாரிக்காலத்தில் உறைந்துவிடுவதால் அங்கே பாசியும் களையும் சில மாதங்களாவது வளர்ச்சியின்றி அடங்கியிருக்கும். இங்கோ உறைபனி பெய்யும் மார்கழி, தை மாதங்களிலும் ஏரிநீர் உறைவதில்லை. ஆகையால் உரச்சத்துக் கிடைக்குமளவும் ஆகாயத்தாமரையும் பாசியும் வருஷம் முழுவதும் பெருகும். பயிருக்கு இடும் மணிச்சத்து நீரில் எளிதில் கரைவதன்று. அது மண் துகள்களைப் பற்றிக்கொண்டு அவற்றோடு ஏரிக்குள் இறங்கி அடியில் தங்குகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவாகிறது. மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. அடிநீரில் பிராணவாயு அற்றுப்போகவே, வண்டலில் கட்டுண்டிருந்த மணிச்சத்து மறுபடியும் வெளிப்பட்டு மேலும் பாசிக்கு உணவாகிறது. மேலே மிதக்கும் களையை மட்டும் வாரி எறிவதால் நிலையான பலன் கிட்டாமைக்கு இதுவே காரணம்.

கார்போகத்துக் கிழங்கைச் சித்திரை, வைகாசியில் ஊன்றுகிறார்கள். மண் அணைத்துப் பூமி பொலபொலவென்றிருக்கும் சமயத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளுகிறது. பார்கள் மேலிருந்து கீழாகச் சரிவோடு ஓடுமானால், ஒவ்வொரு பாரின் இடையும் ஒரு வாய்க்காலாகி, மண்ணையும் எருவையும் ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இவ்வாறு பார் பிடிப்பது அறியாமையால் அன்று. சரிவுக்குக் குறுக்கே பார் பிடித்தால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்பது குடியானவர்களின் அச்சம். அனுபவத்தில் பிறந்த அவ்வச்சத்தை அலட்சியம் செய்பவர்களால் அவர்களுக்கு உபகாரம் ஏதும் இராது.

அதற்குப் பரிகாரம் உண்டு. சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் வெளிப்புறமாக அன்றி மலைப்புறமாகச் சிறிது சாய்த்து, அதன் அடியோரத்தில் ஒரு வடிகால் எடுக்க வேண்டும். அவ்வடிகாலை மெதுவான வாட்டத்தோடு பக்கத்திலுள்ள புல் வளர்ந்த நீர்வழியில் சேர்த்துவிட்டால், நீர் தேங்குவதுமில்லை, மண் போவதுமில்லை. படி வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்துப் பின்னர் மீண்டும் பரப்பவேண்டும். இல்லாவிடில் அடிமண் வெளிப்பட்டு முதல் சில போகங்களில் மகசூல் குறையும். 100 அடி தூரத்துக்கு 33 அடிக்கு மேல் இறங்கும் பூமியில் கிழங்கு, காரட் போன்ற பயிர்களை விட்டுவிட்டுத் தேயிலை, புல், மரம் ஆகியவற்றையே வைத்தல் உத்தமம். மண் பரிசோதனை செய்து, வேண்டிய அளவே உரமிடுவதும் அவசியம். ஓடையில் போகும் உரம் குடியானவர் கைப்பணம் என்பதை மறக்கலாகாது.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பெரும் பொறுப்பு உண்டு. இம்மலைகளில் ஆதியிலிருந்த அமைப்பு மிகவும் பொருத்தமானது. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை, பள்ளத்தில் சதுப்பு என மூன்றும் சேர்ந்து மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சிக் கோடையிலும் சிறிது சிறிதாக விட்டு வந்தன. சதுப்பு நிலம் மண்ணை வடிகட்டும் இயற்கைச் சல்லடையும் ஆகும். அதை வடித்துத் தோட்டமாக்கினவர் ஒரு சிறு துண்டு பூமியைப் பெறுகிறார். கீழுள்ளவர்கள் யாவரும் தெளிந்த நீரை இழக்கிறார்கள். புல்வெளியில் தைலமரம் வைப்பதும் அத்தகையதே. நீலகிரியில் க்ளென்மார்கன் என்னுமிடத்தில் 1968-ம் வருஷம் முதல் மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் இரண்டு சிறு பள்ளத்தாக்குகளை ஒப்பிட்டு வந்தனர். தைலமரம் வைத்த பள்ளத்தாக்கில், முதல் பத்து வருஷச் சுற்றிலேயே ஓடைநீர் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு குறைந்தது. ஓடைப் புறம்போக்கும் சதுப்பும் பயனற்ற தரிசல்ல. அவற்றின் எல்லைகளைக் கல் நட்டுக் காப்பதும், ஆக்கிரமிப்பை முளையிலேயே தடுப்பதும் அதிகாரிகள் செய்யக்கூடிய பேருதவியாகும்.

மலைமேலுள்ள ஒரு சிறிய ஏரிக்காக இவ்வளவு பிரயாசை எதற்கு என்று சமவெளி மிராசுதாரர்கள் கேட்கலாம். உதகை ஏரியின் மிகுதிநீர் சாண்டிநல்லா எனப்படும் காமராஜ் சாகர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அது மோயாற்றுப் படுகையைச் சேர்ந்தது. மோயாறும் பவானியும் கூடுமிடத்தில் 1955-ம் வருஷத்தில் முடிந்த பவானிசாகர் அணை இருக்கிறது. அதன் கீழ்பவானிக் கால்வாயால் பாசனம் பெறும் ஆயக்கட்டு சுமார் 2,07,000 ஏக்கரா. மலைச்சரிவில் இழந்த மண் வழியிலுள்ள தேக்கங்களில் தங்கி நீரின் இடத்தை அடைத்துக்கொள்ளுகிறது. ஆகவே மேலே ஒரு வரப்பு உடைந்தால் அதன் நஷ்டம் கீழேயுள்ள மடை வரையில் எட்டும்.

இதிலிருந்து நியாயமான ஒரு முடிவு பிறக்கிறது. இரண்டு ஏக்கரா வைத்திருக்கும் மலைக் குடியானவர் படி வெட்டும் செலவைத் தாம் ஒருவரே தாங்கவேண்டும் என்பது தர்மமன்று. அவருடைய உழைப்பால் கீழே நூறு குடும்பங்கள் பயனடைகின்றன. சமவெளியில் ஏரிக்கரை உடைந்தால் ஆயக்கட்டுதாரர் எல்லோரும் கூடி அடைக்கும் குடிமராமத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. மலைச்சரிவும் அத்தகைய ஓர் ஏரிக்கரையே. அதைச் செப்பனிடும் செலவில் சர்க்காரும், நகரமும், கீழ்ப்பாசனத்தாரும் தக்க பங்கு ஏற்கவேண்டும். அவ்வாறு ஏற்பட்டபின் சரிவோடு பார் பிடிப்பவர்க்குச் சாக்குச் சொல்ல இடமிராது.

மழை பெய்த மறுநாள் ஒவ்வொருவரும் தம் நிலத்தின் கடைக்கோடியில் நின்று, வெளியேறும் நீரின் நிறத்தைப் பார்ப்பாராக. தெளிந்த நீர் போனால் அவர் ஏரியையும் காத்தார், தம் பூமியையும் காத்தார். செந்நீர் போனால், அவருடைய சந்ததியார் உழவேண்டிய மண் போகிறதென்று அறிந்து, அடுத்த போகத்துக்கு முன்பே ஆவன செய்வாராக.