சருகின் கணக்கு

தமிழ் மரபு வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர்வின் பெயரால் ஒன்றுமில்லை. ஆயினும் பின்பனிக் காலமாகிய மாசி, பங்குனியில் நம் வேம்பும் இலை உதிர்க்கத்தான் செய்கிறது. ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் வளாகங்களின் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சருகைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி எழுகிறது.

உதிர்தல் கவிஞனுக்கு இழப்பு. மரத்திற்கோ அது கணக்கு முடித்தல். உதிர்க்கும் முன் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகளில் ஒரு பங்கை மரம் இலையிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கிறது. கன உலோகங்களோ பெரும்பாலும் இலையிலேயே தங்கி, அதனோடு மண்ணில் விழுகின்றன. இதை மரத்தின் கழிவகற்றல் என்றே கருதும் ஆய்வாளர்களும் உண்டு. உலோகத்திற்கேற்ப வழியும் மாறும். ஈயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். மேலை நாட்டுப் பாப்லர், வில்லோ மரங்களில் காட்மியமும் துத்தநாகமும் இலைவரை ஏறும். பாதரசத்தையோ இலைகள் காற்றிலிருந்தே பெருமளவு உள்வாங்குகின்றன.

நமக்கு அருகிலுள்ள பாடம் கொடைக்கானல். பாம்பார் சோலையை ஒட்டி இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. அவ்வட்டாரத்துப் பாசிகளிலும் லைக்கன்களிலும் பாதரசம் சேர்ந்திருந்ததை 2003-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. காற்றில் கலந்த பாதரசம் காட்டு மண்ணை அடையும் முதன்மையான வழிகளுள் ஒன்று இலையுதிர்வு என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஆலை நின்றபின்னும் சோலை தன் கணக்கை எழுதிக்கொண்டே இருக்கும்.

பெருந்தொழில்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது, நிலத்தில் மூன்றிலொரு பங்கில் மரம் வளர்க்கச் சொல்வது வழக்கமாக இருந்தது. நல்லதுதான். ஆனால் நட்டதோடு பாவம் தீர்ந்தது என்று நாம் நம்பிவிடுகிறோம். மரம் உலோகத்தை அழிப்பதில்லை. இடம் மாற்றித் தருகிறது, அவ்வளவே. அப்படிக் கீழே விழுந்ததைக் கூட்டிக் கொளுத்தினால் பாதரசம் மீண்டும் காற்றில் ஏறும். மற்றவை புகையிலும் சாம்பலிலும் போகும். எருவாக்கினால் கீரைப் பாத்திக்கு வரலாம்.

வல்லம் வடகாலின் இலைகளில் நஞ்சு இருக்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. தொழில் வளாகங்களில் நட்ட கன்றுகளை எண்ணுவதோடு, ஆண்டுக்கொருமுறை சருகையும் சோதித்து, முடிவை ஊராருக்குச் சொல்ல வேண்டும் என்கிறேன். அதுவரை அந்தச் சருகுக்குத் தீ வைக்காதிருப்போம். பங்குனிதோறும் மரம் கேளாமலே ஒரு சாட்சியத்தைக் காலடியில் போடுகிறது. அதைப் படித்துப் பார்க்குமுன் எரித்துவிடுவது நியாயமாகுமா?