சுவர் குடிக்கும் வெயில்

தஞ்சோங் ரம்புத்தானில் இரவு ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சாயங்கால வெயில் இன்னும் அதில் இருக்கும். செங்கல்லும் சிமெண்டும் பகலெல்லாம் குடித்த சூட்டை, நாம் படுக்கும் நேரத்தில்தான் கக்குகின்றன. ஏர்கோன் அதோடு விடிய விடிய மல்லுக்கட்டுகிறது. தோட்டத்து லயத்தின் பலகைச் சுவர் பகலில் கொதித்தாலும் இருட்டியதும் ஆறிவிடும்.

இப்போது சூட்டை உறிஞ்சி உருகும் மெழுகு கலந்த சுவர்ப்பலகைகள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் உருகிய மெழுகு இரவில் மீண்டும் உறைந்தால்தான் மறுநாள் பயன். நம் இரவுக் குளிர்ச்சி பெரும்பாலும் 23, 24 டிகிரியோடு நின்றுவிடும். ஆகவே 27, 28 டிகிரியில் உருகுவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும், இரவில் சன்னலையும் திறந்து வைக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரம் இறக்குங்கள்.