பேரப் பிள்ளையோடு காட்டுக்குச் செல்லுங்கள்



திருவண்ணாமலையில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "மலைப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்" என்பதே அது. அந்த அச்சம் காரணமற்றதன்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. உள்ளிருந்த ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று மலையேற பக்தர்களுக்கு அரசு அனுமதி அளிக்கவில்லை.

அந்த வேதனையை நான் உணர்கிறேன். ஆயினும், அதிலிருந்து நம்மவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பிள்ளையை வீட்டுக்குள் நிறுத்திவிட்டால் மலை அதன் இடத்தை விட்டுப் போய்விடுமா? 2,668 அடி உயரமுள்ள அம்மலை மொட்டை மாடியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கல்லாகத் தோன்றும். அருகில் சென்று பார்ப்பவருக்கே உண்மை புலப்படும். நெடுங்காலம் வெயிலும் மழையும் பட்டுப் பாறை விரிசல் காண்கிறது. விரிசலில் நீர் இறங்கி, கல் சிறிது சிறிதாக மண்ணாக உதிர்கிறது. உதிராமல் எஞ்சிய உருண்டைப் பாறைகள் அம்மண்ணிலேயே பதிந்து கிடக்கின்றன. மண் அளவுக்கு மீறி நீரைக் குடித்து நெகிழும்போது பாறையும் உடன் புறப்பட்டு வருகிறது. மேல்மண்ணைப் பிடித்து வைப்பவை மரத்தின் வேர்கள். மிகப் பெரிய மழையின் முன் அவையும் தோற்பதுண்டு. சரிவின் அடியில் வீடு கட்டலாமா, மரத்தை வெட்டலாமா, ஓடையை மறிக்கலாமா என்னும் கேள்விகளுக்கு நாளை விடை சொல்லப் போகிறவர்கள் இன்று நம் மடியில் இருக்கும் பேரப் பிள்ளைகள் அல்லவா? அவர்கள் மலையையே பாராமல் வளர்ந்தால் என்ன விடை சொல்வார்கள்?

முன்பு இந்த அண்ணாமலையே பெரும்பகுதி மொட்டையாகக் கிடந்தது. ஆடு மாடு மேய்ந்ததும், விறகுக்கு வெட்டியதும், கோடையில் காய்ந்த புல்லில் தீப்பற்றியதும் அதற்குக் காரணங்கள். 1980களிலிருந்து தன்னார்வலர்கள் மரம் நட்டும், தீ பரவாதபடி புல்லை அகற்றித் தடுப்புப் பட்டைகள் அமைத்தும் உழைத்ததன் பயனாகச் சரிவுகள் பல பசுமை கண்டன. இதையும் பிள்ளைக்குக் கீழே நின்று காட்டலாம். அனுமதியின்றி மேலே ஏற வேண்டாம்.

காட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் நமக்கு ஜவ்வாது மலை இருக்கிறது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் சென்றால் கிழக்குத் தொடர்ச்சி மலையின் நடுவே இருப்பீர்கள். செங்கம் நகரைத் தொட்டு ஓடும் செய்யாறு இம்மலையில்தான் பிறக்கிறது. வீட்டில் குழாயைத் திறந்து மட்டுமே நீரை அறிந்த குழந்தைக்கு, ஓர் ஆறு பிறக்கும் மலையைக் காட்டுவது சிறு காரியமா? சந்தன மரத்திற்குப் பேர் பெற்ற காடு இது. தர்கா விழாக்களில் சந்தனக்கூடு எடுக்கும் ஊர்களும், அத்தர் மணக்காத பெருநாளை அறியாத வீடுகளும் நம்மிடையே எத்தனையோ உண்டு. அந்த மரம் வெட்டப்பட்டும் களவாடப்பட்டும் இம்மலையில் அருகிப் போன கதையை நம் வீடுகளில் எவரேனும் பேசுகிறோமா?

சென்ற முறை என் மகளின் மகளை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். வயது ஒன்பது. குள்ளர் குகைகள் என்று மக்கள் அழைக்கும் கற்கூடங்களை அங்கே கண்டோம். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, முன்பக்கக் கல்லில் வட்டமாகத் துளையிட்டிருப்பார்கள். "நன்னா, இதற்குள் குள்ளமான மனிதர்கள் வாழ்ந்தார்களா?" என்றாள். "இல்லையம்மா, இது முற்காலத்து மக்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பிய அடக்க இடம்" என்றேன். குழந்தை சற்று யோசித்து, "அப்படியானால் சத்தம் போடக் கூடாது, இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தன் செருப்பைக் கழற்றினாள். குள்ளர் கதையைச் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். பெருங்கற்காலத்துச் சின்னங்கள் என்று ஆய்வாளர் கூறும் இவற்றின் மேல் ஏறி நின்று படம் எடுக்கும் பெரியவர்களுக்கு அந்த ஒன்பது வயதின் நாணம் வர வேண்டும்.

பெண் பிள்ளைக்குக் காடு எதற்கு என்று கேட்ட பெரியவர் ஒருவர் உண்டு. பூமியில் நடந்து படைப்பைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை பலமுறை பணிப்பது ஆண்களுக்கு மட்டும்தானா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நம் குடும்பங்கள் மலைக்குச் செல்லும் முறையே வேறு. வண்டியின் பின்னே பிரியாணி தேக்சா ஏறும். பெண்கள் நிழலில் பாய் விரித்துப் பரிமாறுவார்கள், ஆண்கள் உண்டு உறங்குவார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பார்கள். மாலையில் நெகிழித் தட்டுகளும் எலும்பும் மட்டும் அங்கே தங்கிவிடும். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் ஓதிய பிள்ளை, தன் வீட்டார் இடையூற்றைப் போட்டுவிட்டு வருவதைக் கண்ணால் காண்கிறது. எந்தப் பாடம் அதன் மனத்தில் நிற்கும்?

முழங்கால் நோவை ஒரு காரணமாகச் சொல்லும் பாட்டன்மார் வருந்த வேண்டாம். சிறு பிள்ளையின் நடையும் முதியவரின் நடையும் வேகத்தில் ஒன்றே. இளையவர்கள்தாம் முன்னே ஓடி ஒன்றையும் பாராமல் திரும்புவர். மலைவாழ் மலையாளி மக்களில் வழி அறிந்த ஒருவரை உடன் அழைத்து, அவர் உழைப்புக்கு உரியதைக் கொடுங்கள். சாமைக்கும் தேனுக்கும் பேரம் பேசாதீர்கள்.

இரவு தங்க வசதி உள்ளவர்கள் மலையில் இருட்டையும் காட்டுங்கள். திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்குள் உள்ள காவலூரில் வானாய்வு நிலையம் அமைந்ததற்குக் காடு காத்து வைத்த இருளும் ஒரு காரணம். 1977ஆம் ஆண்டு மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறியத் துணை நின்ற நோக்குகளில் ஒன்று இங்கிருந்து செய்யப்பட்டது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. நகர விளக்கில் பத்து விண்மீனை எண்ணி முடித்துவிடும் பிள்ளை, அங்கே எண்ண முடியாமல் நிற்கும்.

பீமன் அருவியில் நீர் காண விரும்புவோர் மழைக்காலம் முடிந்தவுடன் மார்கழியிலோ தையிலோ செல்வது நலம். கோடையில் நீர் மெலிந்துவிடும். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் எவ்வளவு திட்டமிட்டிருந்தாலும் புறப்பட வேண்டாம். பஜ்ரு தொழுதுவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் நடக்கலாம். தண்ணீர்க் குடுவையும், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பையும், பிள்ளைக்கு நல்ல செருப்பும் போதும். தேக்சாவை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.