புழுதிக்கு மருந்து ஆயில் ஃபில்டரா?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை நன்றாக வேரூன்றியிருக்கிறது. "நம்ம ஊரு சிமென்ட் புழுதிக்குக் கம்பெனி ஃபில்டர் தாங்காது. பெரிய சைஸாவோ, ஃபாரின் அயிட்டமாவோ ஒரு ஆயில் ஃபில்டர் போட்டுட்டா இன்ஜின் போர் தேயாது, ஆயிலையும் இழுத்து ஓட்டலாம்." உதிரிபாகக் கடையில் சொல்கிறார்கள், டாக்சி ஸ்டாண்டில் சொல்கிறார்கள், யூடியூபில் இன்னும் அடித்துச் சொல்கிறார்கள்.

ஊர் புழுதி ஊர்தான், அதை யாரும் மறுக்க முடியாது. 1979-இல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலைக்குப் பிறகு ரெட்டிபாளையம், கீழப்பழுவூர், கோவிந்தபுரம், தளவாய் என்று அரியலூரைச் சுற்றி ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் பெருகின. கல் ஏற்றிய டிப்பர் ஒன்றின் பின்னால் செந்துறைச் சாலையில் போய்ப் பார்த்தவருக்கு வேறு சாட்சி வேண்டாம். மேற்கே பெரம்பலூர் பக்கம் கல்குவாரியும் கிரஷரும். மக்காச்சோள அறுவடை முடிந்தால் சாலையிலேயே காயப்போட்டு அடிக்கிறார்கள், அந்தத் தூசும் சருகும் தனி. ஆனால் புழுதியிலிருந்து ஆயில் ஃபில்டருக்குத் தாவும் அந்த இரண்டாவது அடியில்தான் கால் வழுக்குகிறது.

புழுதி எந்த வழியாக இன்ஜினுக்குள் போகிறது என்று முதலில் பார்ப்போம். நம் சாலைகளில் வருஷக்கணக்காக ஓடும் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் போகும்போது அது ஒரு நிமிடத்தில் சுமார் 1,300 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. டர்போ ஊதும்போது இன்னும் அதிகம். அந்தக் காற்றோடு ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் துகள் முதலில் விழும் இடம் பிஸ்டன் ரிங்குக்கும் போருக்கும் நடுவே. அங்கே உரசி, கீறி, அதன் பிறகுதான் எண்ணெயில் கழுவப்பட்டுச் சம்ப்புக்கு இறங்குகிறது. சம்ப்பிலிருந்து பம்ப் இழுத்து ஆயில் ஃபில்டருக்கு அனுப்புகிறது. ஃபில்டர் அந்தத் துகளைப் பிடிக்கும் நேரத்தில் போர் ஏற்கெனவே கீறலை வாங்கியாயிற்று. ஆயில் ஃபில்டர் காப்பது அதற்குப் பின்னால் இருப்பவற்றை: கிராங்க் பேரிங், கேம், டர்போவின் தண்டு. போரையும் ரிங்கையும் காப்பது ஏர் ஃபில்டர். "பெரிய ஆயில் ஃபில்டர் போட்டால் போர் தேயாது" என்பது வேலையை ஆள் மாற்றி ஒப்படைப்பது.

அந்த ஏர் ஃபில்டரை நாம் நடத்தும் விதம் இருக்கிறதே! பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கும்போதே அதையும் கழற்றி, கம்ப்ரசரில் ஒரு அடி அடித்து, "சுத்தமாயிடுச்சு" என்று திரும்ப மாட்டுகிறோம். அந்த அழுத்தத்தில் காகித மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழுகின்றன. அதோடு, சற்றே தூசி படிந்த ஏர் ஃபில்டர்தான் புதியதைவிட நுணுக்கமாகப் பிடிக்கும். படிந்த தூசியே கூடுதல் சல்லடையாகிவிடுகிறது. மூச்சடைக்கும் அளவுக்குப் போனால் மாற்ற வேண்டியதுதான். அதுவரை திறந்து திறந்து பார்ப்பதால் பெட்டிக்குள் உதிரும் மண்தான் லாபம்.

இன்னொன்று, எந்தப் புழுதி என்பது. அரியலூரின் வெள்ளைத் தூசிதான் இன்ஜினைத் தின்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம் கால்சைட். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 3. மணலில் உள்ள குவார்ட்சுக்கு 7, இரும்பைக் கீறுவதற்குத் தாராளம். பெரம்பலூர்ப் பக்கத்துக் கருங்கல் ஜல்லித் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக்கரை மணலில் நிறையவே இருக்கிறது. வெள்ளையாய்ப் பறந்து பயமுறுத்துவதைவிட, சாம்பல் நிறத்தில் சத்தமில்லாமல் படிவது இன்ஜினுக்குக் கொடியது. சுண்ணாம்புத் தூசி நிரபராதி என்று சொல்லவில்லை. சுரங்கத்திலிருந்து வரும் கல்லோடு மண்ணும் சிலிக்காவும் சேர்ந்தே வரும், ஏர் ஃபில்டரையும் சீக்கிரம் அடைக்கும். ஒரு வேடிக்கை என்னவென்றால், நாம் டப்பாவில் வாங்கும் இன்ஜின் ஆயிலிலேயே கால்சியம் கார்பனேட் இருக்கிறது. எரிபொருள் எரிவதில் உண்டாகும் அமிலத்தை முறிக்க, மிக மிக நுண்ணிய வடிவில் அதைச் சேர்க்கிறார்கள். அரியலூர்க் கல்லும் அதே சேர்மம்தான்! இதனால் ஒரு தொல்லையும் உண்டு. லாரிக் கம்பெனிகள் செய்வதுபோல ஓடிய ஆயிலைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், உள்ளே புகுந்த மணலைச் சிலிக்கான் அளவு காட்டிக்கொடுக்கும். சுண்ணாம்புத் தூசியை, ஆயிலில் ஏற்கெனவே இருக்கும் கால்சியம் மறைத்துவிடும்.

அடுத்து மைக்ரான் கணக்கு. "இது 10 மைக்ரான் ஃபில்டர் சார், கம்பெனியோடது 25" என்று விற்பார்கள். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதால் 10 என்றதும் மயங்கிவிடுகிறோம். 10 மைக்ரான் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நூற்றில் ஐம்பதைப் பிடித்தாலும் பெட்டியில் "10 மைக்ரான்" என்று அச்சிடலாம், தொண்ணூற்றொன்பதைப் பிடித்தாலும் அச்சிடலாம். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்றொரு சோதனை முறை இருக்கிறது. அதன்படி "20 மைக்ரானில் 99 சதவீதம்" என்று போட்டிருந்தால் அதை நம்பலாம், இன்னொன்றோடு ஒப்பிடலாம். வெறும் மைக்ரான் என்றால் அதை விளம்பரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நுணுக்கமான வடிகட்டலுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். 1988-இல் அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பில் ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பிலிருந்து வெளியானது. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரானில் தேய்மானம் 50 சதவீதமும், 15 மைக்ரானில் 70 சதவீதமும் குறைந்தது என்றது. ஆய்வில் குறை இல்லை. அது எதைச் சோதித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தேய்மானம் சீக்கிரம் தெரிய வேண்டும் என்பதற்காக எண்ணெயில் வேண்டுமென்றே சோதனைத் தூசியைக் கலந்தார்கள். ஏர் ஃபில்டரும் குழாயும் ஒழுங்காக இருக்கும் காரின் சம்ப்பில் அவ்வளவு தூசி இருக்கப்போவதில்லை. அதே அளவு, அதே வால்வு கொண்ட ஃபில்டரில் தரமான, நுணுக்கமான ஊடகம் கிடைத்தால் வாங்குங்கள், கூடுதல் விலைக்கு அது நியாயம். போரைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

ஆயில் கறுத்துப் போனால் ஃபில்டர் வேலை செய்யவில்லை என்பது இன்னொரு பேச்சு. டீசல் காரில் ஆயில் மாற்றிய மறுவாரமே டிப் ஸ்டிக் கறுப்பாக வரும். அந்தக் கறுப்பு புகைக்கரி. அதன் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. காரின் ஃபில்டர் எதுவும் அதைப் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. பிடித்தால் சில நாளிலேயே அடைத்துக்கொள்ளும். கரியைக் கட்டியாகவிடாமல் தன்னுள் மிதக்க வைப்பது ஆயிலில் உள்ள சேர்க்கைப் பொருள்களின் வேலை. கறுத்திருப்பது அந்த வேலை நடப்பதற்கான அடையாளம்.

இந்தக் கரியே "நல்ல ஃபில்டர் போட்டால் ஆயிலை இழுத்து ஓட்டலாம்" என்ற பேச்சுக்கும் பதில். ஃபில்டர் திடத்துகளை மட்டும்தான் பிடிக்கும். ஆயிலில் கரைந்த டீசல், நீராவி, அமிலம், தீர்ந்துபோன சேர்க்கைப் பொருள் எதையும் அது தொடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் இது இன்னும் கூர்மை. புகைக்குழாயில் உள்ள கரி வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் பாய்ச்சப்படுகிறது, அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே சம்ப்புக்கு வழிகிறது. பெரம்பலூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் காரில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறவும் செய்யும். "ஆயில் குறையவே இல்லை" என்று சந்தோஷப்படுவோம். எத்தனை உயர்ந்த ஃபில்டரானாலும் டீசலையும் ஆயிலையும் பிரித்துத் தராது. எதிர்த்திசையில் ஓர் உதாரணம்: நம் தெருவெல்லாம் ஓடும் ஸ்பிளெண்டரில் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது. ஒரு கம்பி வலை, கிராங்கோடு சுழன்று அழுக்கைத் தள்ளும் ஒரு கிண்ணம், அவ்வளவே. அதே புழுதியில்தான் அதுவும் லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது, ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்களிடம்.

சரி, லாரியில் இருப்பதுபோல பைபாஸ் ஃபில்டர் மாட்டிக்கொண்டால்? எண்ணெயில் ஒரு சிறு பங்கைத் தனியே பிரித்து, மிக நுணுக்கமாக வடிகட்டிச் சம்ப்புக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. 1920-களில் கார்களுக்கு வந்த முதல் ஆயில் ஃபில்டர்களே அந்த வகைதான். பேரிங்குக்குப் போகும் எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் முறை பிறகே பரவியது. கனரக டீசலில் பைபாஸுக்கும் சுழல் வடிகட்டிக்கும் இன்றும் நல்ல வேலை இருக்கிறது. பத்து, இருபது, முப்பது லிட்டர் ஆயிலை ஊற்றி, பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஆயிலின் ஆயுளை நீட்டுவது காசு. காரில் இருப்பதோ மூன்று, நான்கு லிட்டர். அதை மிச்சம் பிடிக்க ஆயிரக்கணக்கில் செலவழித்து, பிரஷர் லைனைத் துளைத்து, ரப்பர் ஹோஸ் இழுக்கிறோம். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் வெயிலில் போகும்போது அந்த ஹோஸ் பிடுங்கிக்கொண்டால் ஆயில் முழுவதும் சாலையில். பேரிங் உருகச் சில நிமிடம் போதும். வாரண்டியையும் அன்றே மறந்துவிடலாம்.

ஆயில் ஃபில்டர் மேல் ஒட்டும் காந்தத்தைப் பற்றி ஒரு வரி: அது இரும்புத் துகளை மட்டும் இழுக்கும், மணலையோ சுண்ணாம்பையோ அலுமினியத்தையோ திரும்பியும் பார்க்காது.

உண்மையில் ஆபத்து நுழைவது "மரை சேர்ந்தா போதும், எல்லா ஃபில்டரும் ஒண்ணுதான்" என்ற இடத்தில். பெரிய ஃபில்டர் தேடும்போது இதைத்தான் செய்கிறோம். வெளியே ஒரே மாதிரித் தகர டப்பா, உள்ளே இரண்டு வால்வுகள். ஒன்று, ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ எண்ணெய் மிகக் கெட்டியாக இருந்தாலோ திறந்து, வடிகட்டாத எண்ணெயையாவது பேரிங்குக்கு அனுப்பும் பைபாஸ் வால்வு. அது எத்தனை அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. சீக்கிரம் திறந்தால் அழுக்கு எண்ணெய் ஓடும், திறக்கத் தாமதித்தால் பேரிங் காயும். குளிர் நாட்டு வீடியோக்களில் பனிக்காலை ஸ்டார்ட்டிங்கில் இந்த வால்வு திறப்பதைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். நமக்கு அந்தக் கவலை குறைவு. இங்கே அதைத் திறக்க வைப்பவை மாற்றாமல் விட்ட ஃபில்டரும், 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் "வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்" என்று ஊற்றும் 20டபிள்யூ-50-யும்தான். இரண்டாவது, வண்டி நிற்கும்போது எண்ணெய் வடிந்துபோகாமல் தடுக்கும் ரப்பர் நாக்கு. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டியிருக்கும் இன்ஜினில் அது கெட்டுப்போனால் ஒவ்வொரு காலையும் சில வினாடிகள் எண்ணெய் இல்லாத சத்தம். நல்ல ஃபில்டரில் அந்த நாக்கு சிலிக்கான் ரப்பர், சூட்டில் விறைக்காது. மலிவானதில் சாதா ரப்பர்.

மரையும் ஏமாற்றும். 20 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை ஃபில்டர், முக்கால் அங்குல மரை கொண்ட ஸ்டட்டில் ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தளர்வு. ஆயில் பிரஷர் ஏறும் ஒரு நாளில் அது கழன்று விழும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டினாலும் இதே கதிதான்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? இன்ஜின் எண்ணுக்கு உரிய ஃபில்டர், கம்பெனியுடையதோ அதற்கு இணை என்று பெயர்பெற்ற தயாரிப்பாளருடையதோ. பில் தரும் கடையில், ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிது. குவாரிக்குள்ளேயே நாள் முழுக்க ஓடும் வண்டி என்றால் கையேட்டின் "கடுமையான பயன்பாடு" பகுதியைத் திறந்து, ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றின் இடைவெளியையும் குறையுங்கள். அதற்கு முன் ஒரு சோதனை. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி, உள்பக்கம் துணியால் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருக்கலாம், மண் இருக்கக் கூடாது. மெக்கானிக்குகள் இதற்கு வெள்ளைத் துணி எடுப்பார்கள். அரியலூரில் கறுப்புத் துணி எடுங்கள். நரநரவென்று ஏதாவது ஒட்டினால் குழாயில் வெடிப்போ, தளர்ந்த கிளாம்ப்போ, பெட்டியில் உட்காராத ஃபில்டரோ இருக்கிறது. ஆயில் ஃபில்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.