குரோமியம் இன்றியமையாததா?

நம் விடுதி அறைகளிலே புதிய தெய்வமொன்று குடியேறியிருக்கிறது. குரோமியம் பிக்கோலினேட் என்பது அதன் திருநாமம். மேசைமேல் புட்டியிலே வீற்றிருந்து, உடலை இளைக்க வைக்கும், தசையை முறுக்கேற்றும், சர்க்கரையை அடக்கும் என்று வரங்களை அடுக்குகிறது. வாங்குவோர் வாங்கட்டும், காசு அவர்களுடையது என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற மாதம் நம் நண்பர் ஒருவர், ஊரிலே நீரிழிவால் வாடும் தம் தந்தையாருக்கு, மருத்துவர் கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக இதை அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். வேதியியல் பயிலும் நான் அப்படிச் சொன்னது ஏன்?

கதை எலியில் தொடங்குகிறது. 1957-இல் அமெரிக்காவிலே ஷ்வார்ட்ஸ், மெர்ட்ஸ் என்னும் இருவர், ஒருவகை ஈஸ்ட்டைத் தின்று வளர்ந்த எலிகளின் உடல் சர்க்கரையைச் சரிவரக் கையாளவில்லை எனக் கண்டனர். உணவில் குறைந்தது மூவிணைதிறன் கொண்ட குரோமியமே என்று 1959-இல் அறிவித்தனர். 1977-இல் கனடாவிலிருந்து மற்றொரு செய்தி. மூன்றாண்டுக்கு மேலாக இரத்தக் குழாய் வழியாகவே உணவு பெற்றுவந்த பெண்மணி ஒருவருக்குச் சர்க்கரை ஏறிற்று, எடை குறைந்தது, நரம்புகள் தளர்ந்தன. நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் குரோமியம் சேர்த்ததும் தேறினார். பிறகென்ன? 2001-இல் அமெரிக்க அறிஞர் குழு, ஆடவர்க்கு 35, மகளிர்க்கு 25 மைக்ரோகிராம் என அளவே குறித்துவிட்டது.

ஆனால் அந்தப் பழைய எலிகள் உலோகக் கூண்டுகளில் வாழ்ந்தவை! தின்ற உணவிலே குரோமியம் எவ்வளவு என்று அளக்கப்படவும் இல்லை. அலபாமாப் பல்கலைக்கழகத்தார் உலோகமே இல்லாத கூண்டுகளில், குரோமியம் மிகமிகக் குறைந்த உணவைக் கொடுத்து ஆறு திங்கள் எலிகளை வளர்த்தனர். ஒரு கேடும் நேரவில்லை என்று 2011-இல் வெளியிட்டனர். உடலுக்குத் தேவைப்படுவதாகச் சொல்லப்பட்ட அளவைப் பன்மடங்கு மிஞ்சிக் கொடுத்தபோதுதான் இன்சுலினின் வேலை சற்றே மேம்பட்டது. அது மருந்தின் செயல். ஊட்டத்தின் செயல் அன்று. சுக்குக் கஷாயத்தால் வயிற்றுவலி நின்றது என்றால், சுக்குக் குறைவால் வலி வந்தது என்பார் உண்டோ? குரோமியம் இன்றியமையாதது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2014-இல் கூறிவிட்டது.

மருந்தாகவேனும் உதவுமா? நீரிழிவாளரிடம் நடத்திய சோதனைகள் ஒரே விடையைத் தரவில்லை. மிகுதியாக விழுங்கிய சிலருக்குச் சிறுநீரகம் பழுதுற்ற செய்திகளும் உண்டு. நீரிழிவாளருக்கோ சிறுநீரகம் ஏற்கெனவே கவலைக்குரிய உறுப்பு. (வேண்டுமென்றே கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. அதில் கொதிக்கும் புளிக்குழம்பிலே சிறிது கரைந்தும் வருகிறது. அன்னையர் நமக்கு இலவசமாகவே ஊட்டியிருக்கிறார்கள்!)

இந்நாட்டில் உண்மைப் பஞ்சம் இரும்புச்சத்துக்கு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. அதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று இரும்புக் குறைவு. இரும்பு மாத்திரைக்கோ பளபளக்கும் புட்டியும் இல்லை, விளம்பரமும் இல்லை. விடுதி உணவுக் குழுவிலே இருக்கும் தோழர்கள், வாரம் இருமுறையாவது கீரையும் கொண்டைக்கடலையும், கூடவே ஒரு துண்டு எலுமிச்சையும் கிடைக்க வழி செய்வார்களா? முருங்கைக்கீரை பற்றி நம் சமையற்காரரிடம் நான் பேசிப் பார்த்தேன். மரத்தின் இலையையா தின்பீர்கள் என்று விழிக்கிறார்.